சுகர் பார்க்கிற ஊசி: கடையில் அடிக்கடி கேட்கிற சந்தேகங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பக்கம் மருந்துக்கடையில் நிற்கிறேன். சுகர் மெஷின் வாங்கிப் போகிறவர்கள் கொஞ்ச நாளில் திரும்பி வந்து கேட்பது பெரும்பாலும் மெஷினைப் பற்றி இருக்காது, கூட வருகிற குட்டி ஊசியைப் பற்றித்தான் இருக்கும். எங்கே கிட்டும், எது பொருந்தும், எத்தனை தடவை குத்தலாம், பழசை எங்கே போட. ஒரே பதிலைக் கவுன்டரில் நின்று அவசரமாகச் சொல்லிச் சொல்லி, பாதியை விட்டுவிடுகிறேன் என்று தோன்றியதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை முடிந்தவரை கேட்டவர்கள் வாக்கிலேயே போட்டிருக்கிறேன். நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. உங்களைப் பார்க்கிற டாக்டர் உங்கள் உடம்புக்கென்று வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதைக் கேளுங்கள்.

மெஷின் பெட்டிக்குள்ள பேனா மாதிரி ஒண்ணும் குட்டி குட்டி ஊசியும் இருக்கு. இது இன்சுலின் போடுற ஊசியா?

இல்லை. அதற்குப் பெயர் லான்செட். மருந்து எதுவும் உள்ளே போகாது, விரலில் ஒரு பொட்டு ரத்தம் எடுக்க மட்டும்தான். பேனாவின் தலையைக் கழற்றி, லான்செட்டை உள்ளே செருகி, நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியைத் திருகி எடுத்துவிட்டு, தலையை மறுபடி மாட்டி, பொத்தானை அமுக்கினால் ஊசி சட்டென்று வெளியே வந்து குத்திவிட்டு உள்ளே போய்விடும்.

இன்சுலின் பேனாவும் இதுவும் தூரத்திலிருந்து பார்க்க ஒன்றுபோல இருக்கும். வீட்டில் இரண்டும் இருந்தால் தனித்தனி டப்பாவில் வையுங்கள், குறிப்பாகக் கண் மங்கலான பெரியவர்கள் இருக்கிற வீட்டில்.

டாக்டர் சீட்டு இல்லாம தருவியளா? நூறு எண்ணம் என்ன விலை வரும்?

தருவோம். லான்செட்டுக்குச் சீட்டு தேவையில்லை. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல், கருங்கல் என்று கொஞ்சம் பெரிய மருந்துக்கடை எதிலும் கிட்டும். குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை மாதிரி மலைப்பக்கம் போனால் சின்னக் கடைகளில் எப்போதும் இருப்பு இருக்காது. டவுனுக்கு வரும்போது ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி வைத்துவிடுவது நல்லது, சீக்கிரம் கெட்டுப்போகிற பொருள் இல்லை.

எல்லா இடத்திலும் ஓடுகிற வட்ட லான்செட் ஒன்று சுமார் 1 முதல் 2 ரூபாய்க்குள் அடங்கும், 100 எண்ணம் உள்ள பெட்டியாக வாங்கினால். குறிப்பிட்ட கம்பெனிப் பேனாவுக்கென்றே செய்த லான்செட் அதைவிடக் கூடும், ஐந்தாறு ரூபாய் வரை போவதும் உண்டு. மக்கள் மருந்தகங்களிலும் கேட்டுப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர் பார்ப்பார்கள், மாத்திரை தருவார்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். ஆனால் வீட்டில் நீங்களாகப் பார்க்கிறதற்கான லான்செட்டை அங்கிருந்து எதிர்பார்த்து இருக்க வேண்டாம், அது நாம் வாங்குவதுதான்.

மவன் துபாய்லேருந்து ஒரு பெட்டி கொண்டு வந்தான். நம்ம பேனாவுல ஏற மாட்டேங்குது. என்ன செய்ய?

இந்த ஜில்லாவில் இது வாராவாரம் வருகிற கேள்வி. ரத்தப் பொட்டை வைக்கிற ஸ்ட்ரிப் மெஷினுக்குப் பொருந்த வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். லான்செட் பேனாவுக்குப் பொருந்த வேண்டும் என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. அக்யூ-செக் ஆக்டிவ் மெஷினோடு வருகிற சாஃப்ட்கிளிக்ஸ் பேனாவுக்கு சாஃப்ட்கிளிக்ஸ் லான்செட்தான் சேரும். ஃபாஸ்ட்கிளிக்ஸ் என்றால் ஆறு ஊசி உள்ள ஒரு சின்ன உருளை, அது வேறு எதிலும் போகாது. ஒன்டச் டெலிகா பேனாவுக்கு டெலிகா லான்செட். டாக்டர் மோர்பென் மாதிரி கம்பெனிகளின் மெஷினோடு வருகிற பேனாக்கள் பெரும்பாலும் பொதுவான வட்ட லான்செட்டை எடுத்துக்கொள்ளும்.

ஏறாததை அழுத்தி ஏற்றாதீர்கள். தளர்வாக உட்கார்ந்தால் ஆழம் மாறிக் குத்தும், சில சமயம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். வழி ரொம்பச் சுலபம்: வட்ட லான்செட் எடுக்கிற சாதாரணப் பேனா ஒன்றைத் தனியாக வாங்கிவிடுங்கள். எந்தப் பேனாவில் எடுத்த ரத்தம் என்று மெஷின் கேட்காது. துபாய்ப் பெட்டியும் வீணாகாது, இனிமேல் வாங்கும் ஊசியும் மலிவாகக் கிட்டும். கடைக்கு வரும்போது பழைய லான்செட் ஒன்றை மூடியோடு கொண்டு வந்து காட்டினால் இன்னும் நல்லது, “அந்த நீலக் கலர் ஊசி” என்று சொன்னால் எங்களுக்குப் புரியாது.

பெட்டியில 28, 30, 33ன்னு நம்பர் போட்டிருக்கே. பெரிய நம்பர்னா பெரிய ஊசியா?

நேர் எதிர். நம்பர் கூடக்கூட ஊசி மெலியும். 28 கேஜ் என்றால் ஏறக்குறைய 0.36 மில்லிமீட்டர் கனம், 30 என்றால் 0.3 சொச்சம், 33 என்றால் 0.2. தோல் மெலிந்த வயசானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் 33 சுகமாக இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு 30 போதும்.

ரப்பர் பால் வெட்டுகிறவர்கள், பனை ஏறுகிறவர்கள், வலை இழுக்கிறவர்கள் 33 வாங்கிக்கொண்டு போய், “குத்தினா ரத்தமே வரல, ஊசி சரியில்ல” என்று திரும்பி வருவார்கள். ஊசியில் குறையில்லை, கை காய்த்துப் போயிருக்கிறது. அவர்களுக்கு 28 தான் சரி. கூடவே பேனாவின் தலையில் இருக்கும் எண்ணையும் பாருங்கள், அது ஆழம். சாஃப்ட்கிளிக்ஸில் 0.5 முதல் 5.5 வரை இருக்கும். நடுவில் வைத்துத் தொடங்குங்கள். ரத்தம் போதவில்லை என்றால் ஒரு படி கூட்டுங்கள், குத்திய பிறகும் ரொம்ப நேரம் கசிந்தால் ஒரு படி குறையுங்கள். சரியான எண் கிட்டியதும் வீட்டில் யாரும் அதை மாற்றாமல் இருந்தாலே போதும்.

எந்த வெரல்ல குத்தணும்? அமுக்கி அமுக்கிப் பாத்தாலும் ரத்தம் வர மாட்டேங்குது.

நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் வேலைக்கு வேண்டியவை, அவற்றை விட்டுவிடுங்கள். நுனியின் நடுச் சதையில் குத்தாதீர்கள், அங்கேதான் உணர்ச்சி அதிகம், வலியும் அதிகம். நகத்தை ஒட்டி அல்லாமல் விரலின் பக்கவாட்டில் குத்துங்கள். ஒவ்வொரு நாளும் விரலை மாற்றுங்கள். ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் தோல் தடித்து, அப்புறம் அங்கே ரத்தம் வராது. தோவாளையில் பூக்கட்டும் அக்கா ஒருவர் நூல் பிடிக்கும் கையை விட்டுவிட்டு மற்றக் கையில்தான் குத்துவார். நல்ல யோசனை.

ரத்தம் வராததற்குப் பெரும்பாலும் காரணம் குளிர்ந்த கை. மீன் சந்தையில் ஐஸில் கை வைத்துவிட்டு வந்து உடனே குத்தினால் என்ன வரும்? வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, கையைக் கீழே தொங்கவிட்டு ஆட்டி, அடிக்கையிலிருந்து விரல் நோக்கி மெதுவாக நீவுங்கள். குத்திய இடத்தைப் பிடித்துப் பிழியாதீர்கள். பிழிந்தால் சதையில் இருக்கும் நீரும் ரத்தத்தோடு கலந்து வரும், அளவு தவறும். அவ்வளவு ரத்தம் தேவையும் இல்லை: கான்டூர் பிளஸ் மெஷினுக்கு 0.6 மைக்ரோலிட்டர், அக்யூ-செக் ஆக்டிவுக்கு 1 முதல் 2. ஒரு குண்டூசித் தலை அளவுதான்.

கை கழுவணுமா, ஸ்பிரிட் பஞ்சு வச்சுத் துடைச்சாப் போதுமா?

கழுவுங்கள். சோப்பு, தண்ணீர், அப்புறம் நன்றாகத் துடைத்துக் காய வையுங்கள். வீட்டில் பார்ப்பதற்கு ஸ்பிரிட் தேவையே இல்லை. ஸ்பிரிட் பஞ்சு மட்டும்தான் கிட்டியது என்றால் அது முழுக்கக் காய்ந்த பிறகு குத்துங்கள். ஈரமாக இருந்தால் எரியும், ரத்தப் பொட்டிலும் கலக்கும்.

கிருமிக்காக மட்டும் சொல்லவில்லை. மட்டிப்பழம் உரித்த கை, சக்கைப் பழம் (பலா) பிய்த்த கை, தேன் எடுத்த கை, இதிலெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் சர்க்கரை ஒட்டியிருக்கும். மெஷின் அதையும் சேர்த்து எண்ணும். ஆரஞ்சும் திராட்சையும் உரித்த விரலில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், ஸ்பிரிட்டால் துடைத்த பிறகும் அளவு கூடித்தான் காட்டியது, தண்ணீரில் கழுவியபோதுதான் சரியாக வந்தது. “காலையில 130, பதினோரு மணிக்கு 290, மெஷின் கேடாயிட்டு” என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, நடுவில் என்ன பழம் சாப்பிட்டீர்கள் என்று இல்லை, எதை உரித்தீர்கள் என்றுதான். கழுவ வழியே இல்லாத இடத்தில் முதல் பொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது பொட்டை ஸ்ட்ரிப்பில் வையுங்கள்.

உண்மையச் சொல்லுங்க. ஒரு ஊசிய எத்தன தடவ குத்தலாம்?

பெட்டியில் எழுதியிருப்பது ஒரு தடவை. கம்பெனி ஊசி விற்கத்தான் அப்படிச் சொல்கிறது என்று சிலர் நினைப்பார்கள். முழுக்க அப்படி இல்லை. மூடியைத் திருகி எடுக்கும்வரைதான் அந்த ஊசி கிருமி நீக்கியது. குத்திய பிறகு அதன் நுனியில் ரத்தமும் தோல் துணுக்கும் ஒட்டும். நுனியும் மழுங்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் கொஞ்சம் வளைந்து கொக்கிபோல ஆகியிருப்பது தெரியும். அடுத்த தடவை அது துளைக்காமல் கிழிக்கும். வலி கூடும், தழும்பு விழும், கொஞ்ச நாளில் விரல் தடிக்கும்.

இனி நடைமுறை. சுகர் உள்ளவர்களில் நிறையப் பேர், படித்தவர்கள் உட்பட, தங்கள் சொந்த ஊசியை இரண்டு மூன்று தடவையோ அதற்கு மேலேயோ குத்துகிறார்கள். அதனால் உடனே விரல் சீழ் வைத்துவிடும் என்று நான் பயமுறுத்த மாட்டேன், கை கழுவிக் குத்துகிற ஒரே ஆளுக்கு அப்படி வருவது அரிதுதான். ஆனாலும் சுகர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், டயாலிசிஸ் செய்கிறவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், கையில் புண்ணோ வெடிப்போ உள்ளவர்கள், சேறு, மீன், பால் என்று கை ஈரத்திலேயே கிடக்கிற வேலை செய்கிறவர்கள், இவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஒவ்வொரு தடவையும் புது ஊசி. மற்றவர்களுக்கும் என் யோசனை அதுதான், காரணத்தை இரண்டு கேள்விக்குக் கீழே கணக்கோடு சொல்கிறேன்.

ஸ்பிரிட்ல துடைச்சோ கொதிக்க வச்சோ எடுத்தா புதுசு மாதிரி ஆயிடாதா? எங்க பாட்டா தீயில காட்டி எடுப்பாரு.

பாட்டா தீயில் காட்டியது முள் எடுக்கிற ஊசியை, அது வேறு வகை. லான்செட்டின் உடம்பு பிளாஸ்டிக், கொதிக்க வைத்தால் உருக்குலைந்து பேனாவில் கோணலாக உட்காரும். தீயில் காட்டினால் அந்த மெலிந்த நுனி போயே போய்விடும். ஸ்பிரிட்டால் துடைத்தால் வழுக்கிக்கொண்டு உள்ளே போவதற்காக ஊசியின் மேல் பூசியிருக்கும் சிலிக்கோன் பூச்சு அழிந்து, முன்னைவிட வலிக்கும். மழுங்கிய நுனியை இவை எதுவும் கூர்மையாக்காது.

ஊக்கு, தையல் ஊசி, இன்சுலின் சிரிஞ்சின் ஊசி இவற்றால் குத்துவதும் வேண்டாம். எவ்வளவு ஆழம் போகிறது என்பது உங்கள் கையில் இருக்காது.

மாசம் மாசம் சுகருக்கே இவ்வளவு செலவு. ஊசியிலயாவது மிச்சம் பிடிக்கக் கூடாதா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தினமும் ஒரு தடவை பார்க்கிறவருக்கு மாதம் 30 ஊசி, 2 ரூபாய் வீதம் 60 ரூபாய். ஸ்ட்ரிப் ஒன்று கம்பெனியைப் பொறுத்து 10 முதல் 20 ரூபாய்க்கு மேலும் போகும். 18 என்று வைத்தால் மாதம் 540 ரூபாய். ஒரு ஊசியை ஒரு வாரம் ஓட்டினால் மாதம் மிஞ்சுவது 50 ரூபாய் சொச்சம், வாரத்துக்கு ஒரு சாயா காசு. சரி, அந்தக் காசாவது உண்மையில் மிஞ்சுகிறதா? மழுங்கிய ஊசியில் பொட்டு சின்னதாக வரும், ஸ்ட்ரிப்பை வைத்தால் மெஷின் பிழை காட்டும், அந்த ஸ்ட்ரிப்பைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஒரு ஸ்ட்ரிப் வீணானால் ஒன்பது புது ஊசியின் விலை போய்விட்டது. மாதத்தில் மூன்று ஸ்ட்ரிப் இப்படிப் போனால் நீங்கள் மிச்சம் பிடிக்கவே இல்லை, நஷ்டத்தில் இருக்கிறீர்கள்.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் வேறு. முதலாவது, கம்பெனி லான்செட்டிலிருந்து வட்ட லான்செட்டுக்கு மாறுவது, மேலே துபாய்ப் பெட்டிக் கேள்வியில் சொன்ன வழி. இரண்டாவது, எத்தனை தடவை பார்க்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்பது. மெட்ஃபார்மின் மாதிரி மாத்திரை மட்டும் சாப்பிட்டு, சுகர் நிலையாக இருக்கிறவர்களில் பலர் தினமும் குத்தத் தேவையே இருக்காது. மூன்று மாதத்துச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையும், வாரத்தில் சில நாள் வீட்டில் பார்ப்பதும் போதும் என்று டாக்டரே சொல்லலாம். ஆனால் இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமெபிரைடு மாதிரி சுகரைத் தாழ்த்திவிடக்கூடிய மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தாங்களாகவே பரிசோதனையைக் குறைக்கக் கூடாது.

எனக்கும் வீட்டுக்காரருக்கும் சுகர். கல்யாணம் ஆகி நாப்பது வருசம், ஒரே ஊசியில குத்தினா என்ன?

கூடாது. மேலே சொன்ன சலுகை எல்லாம் ஒரே ஆள் தன் ஊசியையே மறுபடி குத்துவதற்குத்தான். இரண்டாவது ஆள் வந்ததும் பேச்சே வேறு. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, அப்புறம் எச்ஐவி, மூன்றும் ரத்தத்தில் பரவும். ஹெபடைட்டிஸ் பி கிருமி காய்ந்த ரத்தத்தில் குறைந்தது ஏழு நாள் உயிரோடு இருக்கும், அதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தத்தில். அது உடம்பில் இருக்கிறவர்களில் பலருக்கு இருப்பதே தெரியாது. முதியோர் இல்லங்களில் இப்படிச் சுகர் பார்க்கும் பேனாவைப் பொதுவில் பயன்படுத்தியதால் அது பரவியதாக வெளிநாடுகளில் பதிவுகள் இருக்கின்றன.

ஊசியை மட்டும் மாற்றிவிட்டு பேனாவை இருவரும் பயன்படுத்துவதும் சரியில்லை. பேனாவின் தலை விரலில் பட்டு அங்கேயும் ரத்தம் ஒட்டும். ஆளுக்கு ஒரு பேனா வேண்டும், விலை அதிகமில்லை. ஒன்றில் சிவப்பு நூல் கட்டுங்கள், மற்றது அவருடையது. மெஷினும் தனித்தனியாக இருப்பதுதான் உத்தமம். முடியாவிட்டால் ஒவ்வொரு தடவையும் மெஷினைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்துவிட்டுக் கைமாற்றுங்கள்.

அண்ணன் தூத்தூர்லேருந்து ஆழ்கடலுக்குப் போறான். போட்டுல நாலு பேருக்குச் சுகர், மெஷின் ஒண்ணுதான். எப்படிச் சமாளிக்க?

மேலே புருஷன் பெண்சாதிக்குச் சொன்னதேதான் இங்கேயும், நாலு பேர் என்பதால் இன்னும் கண்டிப்பாக. நாலு பேனா, நாலு பெயர், அவரவர் ஊசி அவரவர் டப்பாவில். வாரக்கணக்கில் கடலில் இருக்கிறவர்கள் நாள்கணக்குப் பார்த்து, அதற்கு மேல் பத்து ஊசி கூடுதலாக எடுத்துப் போகட்டும். நடுக்கடலில் கடை கிடையாது.

உப்புக் காற்றும் ஈரமும் ஊசியைவிட ஸ்ட்ரிப்பைத்தான் முதலில் கெடுக்கும். ஸ்ட்ரிப் டப்பாவை எடுத்த உடனே மூடிவிட வேண்டும், எல்லாவற்றையும் இறுக்க மூடுகிற ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, இஞ்சின் சூடு படாத இடத்தில் வைக்க வேண்டும். பழைய ஊசியைக் கடலில் எறியாமல் ஒரு கட்டியான குப்பியில் போட்டுக் கரைக்குக் கொண்டு வரச் சொல்லுங்கள். இன்சுலின் போடுகிறவர் யாராவது அந்த நாலு பேரில் இருந்தால், போவதற்கு முன் டாக்டரைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

கேம்ப்ல வரிசையா எல்லாருக்கும் குத்துறாங்களே, அது பரவாயில்லியா?

எதை வைத்துக் குத்துகிறார்கள் என்று பாருங்கள். முகாம்களுக்கென்று ஒரு தடவை குத்தியதும் ஊசி உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும் லான்செட் இருக்கிறது, மறுபடி குத்த நினைத்தாலும் முடியாது. அதை உங்கள் கண்முன் பிரித்துக் குத்தினால் கவலையில்லை. வீட்டில் வைத்திருக்கிற மாதிரி ஒரே பேனாவில் ஊசியை மட்டும் மாற்றி மாற்றிக் குத்தினால், எழுந்து வந்துவிடுங்கள். “புது ஊசியா, கையுறையை மாத்துனீங்களா?” என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. நல்ல நர்ஸ் அதற்குக் கோபப்பட மாட்டார்.

ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்புடுறேன். குத்தலாமா?

குத்தலாம். ஸ்டென்ட் வைத்தவர்கள் நிறையப் பேர் கேட்பது இது. ஆழத்தைக் குறைத்து, மெலிந்த ஊசியால் குத்தி, பிறகு சுத்தமான பஞ்சை வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அதற்கு மேலும் நிற்காமல் வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கை வெரலெல்லாம் நோவுது. கால் வெரல்ல குத்தினா என்ன?

காலில் மட்டும் குத்தவே கூடாது. சுகரில் காலுக்கு உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் குறையும், அங்கே ஒரு சின்னத் துளைகூட ஆறாமல் புண்ணாகலாம். காலைக் காப்பாற்றத்தானே இத்தனை பாடும்.

சில மெஷின்களில் உள்ளங்கைச் சதையிலும் முழங்கையின் கீழ்ப்பகுதியிலும் எடுக்கலாம் என்று அதோடு வரும் தாளில் போட்டிருக்கும். ஆனால் சாப்பிட்ட உடனேயோ, சுகர் தாழ்ந்திருக்கும் என்று சந்தேகம் இருக்கும்போதோ அங்கே எடுக்கக் கூடாது, விரலில் வருகிற மாற்றம் அங்கே பிந்தித்தான் தெரியும். குத்தாமலே பார்க்கிற சென்சார் ஒன்று கையில் ஒட்டுகிறார்களே என்றும் கேட்பார்கள். இருக்கிறது, ஒட்டினால் இரண்டு வாரம் வரும், செலவு கூடுதல். தினமும் பல தடவை இன்சுலின் போடுகிறவர்களுக்குப் பயன் அதிகம்.

பழைய ஊசிய எங்க போட? நாங்க தென்னை மூட்டுல போட்டு எரிச்சிருவோம்.

எரித்தால் பிளாஸ்டிக் உருகும், ஊசி அப்படியே கிடக்கும். அடுத்த மழையில் மேலே வரும். தேங்காய் பொறுக்க வெறுங்காலோடு வருகிறவர் காலில் ஏறும். புதைப்பதும் அதே கதைதான். கக்கூஸிலும் போடாதீர்கள்.

காலியான ஃபினாயில் குப்பி, துணி துவைக்கிற திரவம் வந்த குப்பி மாதிரி கனமான பிளாஸ்டிக்கும் திருகு மூடியும் உள்ள ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய தண்ணீர் பாட்டில் ஆகாது, ஊசி துளைத்து வெளியே வரும். அதன்மேல் ‘ஊசி’ என்று பெரிதாக எழுதி, குத்திய கையோடு அதில் போடுங்கள். முக்கால் குப்பி நிறைந்ததும் மூடி, டேப் ஒட்டி, வழக்கமான குப்பையில் சேர்க்காமல் தூய்மைப் பணியாளரிடம் “இதுல ஊசி இருக்கு” என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே பயன்படுத்திய ஊசியை வீட்டிலிருந்து வரும் அபாயகரமான கழிவு என்று தனியாக வைத்திருந்தார்கள். தனியாக வாங்கும் வசதி உங்கள் ஊராட்சியில் இல்லை என்றால், நீங்கள் வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரியிலோ லேப்பிலோ கேளுங்கள், ஊசிக் கழிவுக்கென்று அங்கே தனி ஏற்பாடு இருக்கும். குப்பையைப் பிரிக்கிறவர்கள் கையைவிட்டுத்தான் பிரிக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

பேரப்பிள்ளை பழைய லான்செட்ட மிதிச்சிட்டான். ரத்தம் வந்தது. என்ன செய்யணும்?

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிழியாதீர்கள், வாயை வைத்து உறிஞ்சாதீர்கள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டுப் பெரியவரின் ஊசிதானா, வெளியில் கிடந்ததா என்பதைச் சொல்லுங்கள், பிள்ளையின் தடுப்பூசி அட்டையையும் கொண்டு போங்கள். ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள். யாருடைய ஊசி என்றே தெரியாவிட்டால் இன்னும் அவசரம். எச்ஐவி தடுப்பு மருந்து தேவை என்று டாக்டர் முடிவு செய்தால் அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி பெரிய அரசு ஆஸ்பத்திரிக்கு நேராகப் போய்விடுங்கள்.

பெட்டியில தேதி முடிஞ்சு போச்சு, ஊசி புதுசாத்தான் இருக்கு. குத்தலாமா?

அந்தத் தேதி கிருமி நீக்கத்துக்கான உத்தரவாதத் தேதி. முடிந்துவிட்டால் மாற்றிவிடுங்கள், இரண்டு ரூபாய்ப் பொருள். தேதி இருந்தாலும் மூடி கழன்று கிடக்கிற ஊசி புது ஊசி ஆகாது. நம் ஊரில் இரண்டு பருவமழையும் அடிக்கிறது, அலமாரிக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும், பெட்டி நனைந்து ஊறியிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மைக்கு வேர்த்து ஊத்துது, கை நடுங்குது. புது ஊசி ஒண்ணு கூட இல்ல, நேத்து குத்தினதுதான் இருக்கு. என்ன செய்ய?

அது உங்கள் அம்மாவுக்குக் குத்திய, அவருடைய சொந்த ஊசிதான் என்றால் அதையே குத்துங்கள். இந்த நேரத்தில் மழுங்கல் பெரிய விஷயம் இல்லை. வேறு ஆளின் ஊசி என்றால் இப்போதும் கூடாது. ஊசியைத் தேடி நேரத்தைப் போக்காதீர்கள். இன்சுலினோ சுகரைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுக்கிறவருக்கு இந்த அறிகுறி வந்தால், பார்க்க முடியாவிட்டாலும் சுகர் தாழ்ந்திருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு செய்ய வேண்டியதைச் செய்யுங்கள்.

மூன்று தேக்கரண்டி சீனியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கருப்பட்டியைக் கடித்துத் தின்னச் சொன்னால் நேரம் பிடிக்கும், கரைத்த சீனிதான் வேகம். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். 70-க்குக் கீழேயே இருந்தால், அல்லது நடுக்கம் குறையாவிட்டால், இன்னொரு தடவை கொடுங்கள். தெளிந்ததும் ரெண்டு பிஸ்கட்டோ கொஞ்சம் சோறோ கொடுங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், ஒரு பக்கமாகத் திரும்பிப் படுக்க வைத்துவிட்டு 108-க்கு அழையுங்கள். மறுநாள் டாக்டரிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். அப்படியே கடைக்கும் வந்து ஒரு பெட்டி வாங்கி, அதில் ஐந்தாறு ஊசியை மெஷின் பைக்குள்ளேயே போட்டு வையுங்கள்.